நாற்பத்து மூன்றாவது வரி

வெள்ளவத்தை,
கொழும்பு,
10.06.2008

பொறுப்பாளர்,
பிள்ளைக் காம்பரா,
டயகம.

அன்புடையீர்,

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் தங்கள் காம்பராவில் விட்டுச்செல்லும் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் மாதாந்த எடையை, இணையப் பக்கமொன்றில் வரைபடமாகக் காட்டும் வேலையைப் பால்மா வழங்கும் தொண்டு நிறுவனம் எங்கள் அலுவலகத்திடம் ஒப்படைத்துள்ளது. தாங்கள் அனுப்பிய ஃபிளொப்பி கிடைத்தது. நன்றி.

ஆனால் வரைபடம் வரவில்லை. எண்களைக் கொடுத்தால் கோடு வரைந்து தரும் நிரல் தொகுப்பு ஒன்றை இதற்குப் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக விட்டது. ஒரு கட்டத்தில் ஓர் எண் மட்டும் இருந்தால்தான் அது வாசிக்கும். தங்கள் பட்டியலில் “9.4-0.3” என்றும் “11-0.5” என்றும் இருக்கிறது. தொகுப்பு அதை எண் என்று ஏற்கவில்லை. வெள்ளைப் பக்கம்தான் வருகிறது.

செப்டெம்பர் 30ஆம் திகதி நிறுவனத்தார் பக்கத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகளின் எடை கூடியிருந்தால்தான் அடுத்த வருடமும் பால் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கட்டத்துக்கு ஓர் எண்ணாகத் திருத்தி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பே. ஜெயதீபன்

பி.கு.: இந்த வேலையை நான் கேட்டு வாங்கியதாக நினைக்க வேண்டாம். டயகம என்ற பெயர் மேசைக்கு வந்தது. வேறு யாரும் எடுக்க நான் விடவில்லை, அவ்வளவுதான்.


டயகம,
18.06.2008

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதினாறு மாதம் கழித்துக் கிடைத்தது. தபால்காரரைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் எழுதியது பத்தாம் திகதிதானே.

கழித்தல் ஏன் போட்டேன் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே குளிருக்குப் பிள்ளைகளின் உடுப்பைக் கழற்றி நிறுக்க முடியாது. சுவெட்டர், தொப்பி, மேலே ஒரு துண்டு எல்லாவற்றோடும்தான் தராசில் போடுகிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார் அல்லவா, அதே மாதிரி நானும் உடுப்புக்குக் கழிக்கிறேன். ஒரு வித்தியாசம். மடுவத்தில் எவ்வளவு கழித்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால்தான் அம்மாமார் தினமும் சண்டை போடுகிறார்கள். நான் எழுதி வைக்கிறேன். மொத்தம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று யார் வந்து கேட்டாலும் காட்டலாம்.

உங்கள் தொகுப்புக்கு ஒன்பதே காலிலிருந்து காலைக் கழிக்கத் தெரியாது என்றால், அதை எழுதிய வெளிநாட்டுக்காரரை ஒருநாள் மடுவத்துக்கு அனுப்பி வையுங்கள். இப்போதைக்கு நானே கழித்து அனுப்பியிருக்கிறேன். நாற்பத்திரண்டு பிள்ளை, பதினேழு மாதம். மூன்று நாள் ஆயிற்று. நீங்கள் ஹட்டனில் இருந்தபோது இங்கே வந்து பூட்டிக் கொடுத்த அதே கம்பியூட்டர்தான். எஃப் எழுத்து இன்னும் விழுவதில்லை.

இப்படிக்கு,
சூ. தெரேசா

பி.கு. எனக்கு ஒன்றும் இல்லை.


வெள்ளவத்தை,
02.07.2008

தெரேசா,

“ஐயா” என்று இன்னொரு முறை எழுதாதேயும். திட்டுவதென்றால் பெயர் சொல்லித் திட்டும்.

கோடுகள் வந்துவிட்டன. அச்செடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன், பாரும். பால் தொடங்கியதிலிருந்து கோடுகள் மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. நீர் எழுதாமல் விட்டாலும் அது உமது வேலைதான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பதினொரு பிள்ளைகளின் கோடு நடுவில் அடிவரைக்கும் விழுந்து திரும்ப எழும்புகிறது. பதினெட்டாவது வரியில் இருக்கும் பிள்ளை பெப்ரவரியில் பத்தரைக் கிலோ, மார்ச்சில் பூச்சியம், ஏப்ரலில் பூச்சியம், மேயில் பதினொன்று. பட்டியலைப் பார்த்தேன். அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. வெறுமையை எண்ணாக மாற்றும்போது பூச்சியமாகிவிடுகிறது. இதனால் சராசரியும் கீழே போகிறது. நிறுவனத்தார் பார்ப்பது சராசரியைத்தான்.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெறுமையான கட்டத்தில் முந்திய மாதத்து எடையையே போட்டுவிடும். யாருக்கும் தெரியாது. கோடு நேராகப் போகும்.

தொலைபேசி இலக்கம் கீழே எழுதியிருக்கிறேன். எழுதுவதைவிடப் பேசினால் கெதியாய் முடியும்.

ஜெயதீபன்


டயகம,
14.07.2008

ஜெயதீபன்,

பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

பதினெட்டாவது வரி காளியாயியின் மகன். மார்ச்சில் காளியாயி புருஷனோடு கோபித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வட்டவளைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் வரவில்லை. மாதத்தின் முதல் வியாழன்தான் நிறுக்கும் நாள், ஒவ்வொரு முறையும் நான் அவன் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டேன். அவன் பூச்சியம் கிலோ இல்லை. அங்கே நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். நான் பார்க்கவில்லை, அதுதான் விஷயம்.

முந்திய மாதத்து எடையைப் போடச் சொல்கிறீர்கள். வராத பிள்ளை வந்ததாகவும் நான் நிறுத்ததாகவும் எழுத வேண்டும், அப்படித்தானே. யாருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரியும். பால் நின்றாலும் நிற்கட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது பிள்ளைகளுடைய பால். ஆனால் பொய் எடை போட்டு வாங்க மாட்டேன். வேறு வழி பாருங்கள். நீங்கள்தானே படித்தவர்.

கோடு நேராகப் போக வேண்டும் என்பதில் உங்களுக்கு எப்போதுமே விருப்பம். போன வருடம் ஹட்டனில் உங்கள் வீட்டு முன்னறையில் நானும் நீங்களும் உட்கார்ந்திருந்தோம். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் உங்களிடம் கேட்டார், “இந்தப் பிள்ளை எத்தினையாம் நம்பர் லயமாம்?” என்று. தோட்டத்து வரிசை வீட்டுக்காரி என்று குத்திக்காட்டத்தான். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த கிழமை கொழும்புக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. இப்போது ஒன்றும் நடக்காத மாதிரி, முந்திய மாதத்திலிருந்து தொடருவோம் என்கிறீர்கள்.

தொலைபேசி வேண்டாம். இங்கே சிக்னலுக்கு மேல்மலை வரை ஏற வேண்டும். ஏறிவிட்டாலும் நீங்கள் பேச்சில் மௌனமாகிவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

ஜூலை எடையையும் சேர்த்துப் புது ஃபிளொப்பி வைத்திருக்கிறேன். நோட்டில் இருப்பது எல்லாவற்றையும் இந்த முறை ஒன்று விடாமல் டைப் செய்திருக்கிறேன்.

தெரேசா


வெள்ளவத்தை,
29.07.2008

தெரேசா,

உமது கடிதத்தைக் கோல்பேஸ் பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

வேலையை முதலில் சொல்கிறேன், அதுதான் எனக்குச் சுலபம். நீர் சொன்னது சரி. பிழை தொகுப்பினுடையது அல்ல, என்னுடையது. பூச்சியம் என்று ஒன்று இருக்கிறது, பதிவு இல்லை என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் அது வேறுவேறாகவே வைத்திருக்கிறது. வெறுமையான கட்டத்தை எண்ணாக்காமல் அப்படியே கொடுத்தால் போதும். கொடுத்தேன். விழுந்த கோடுகள் எல்லாம் எழும்பிவிட்டன. சராசரியும் சரியாகிவிட்டது. ஐந்து வருடம் இந்த வேலை செய்கிறவன் இதைக் காளியாயியின் மகனிடம் படிக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு தெரிவு இருக்கிறது. இல்லாத மாதங்களுக்கு மேலால் கோட்டை இழுத்து இரண்டு பக்கத்தையும் இணைக்கலாம். அல்லது இடைவெளியை அப்படியே விடலாம். கோடு அறுந்து, பிறகு தொடங்கும். நீர் எதைச் சொல்கிறீரோ அதை வைக்கிறேன்.

இனிக் கஷ்டமானது. நான் ஏன் எழுதவில்லை என்று ஒரு காரணம் சொல்லலாம். இந்த யுத்த காலத்தில் இங்கே தமிழன் அறை மாறினால் பொலீஸ் பதிவு, சந்திக்குச் சந்தி அடையாள அட்டை என்று. அது உண்மை. ஆனால் அதனால் எழுதாமல் இருக்கவில்லை. எழுதத் தொடங்கினால் அந்தக் கோப்பையைப் பற்றி எழுத வேண்டும். அதற்குப் பயந்தேன். முதல் மாதம் பயம், இரண்டாம் மாதம் வெட்கம், பிறகு இவ்வளவு நாள் போய்விட்டதே என்ற நினைப்பு. ஒவ்வொரு மாதமும் எழுதுவது முந்திய மாதத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டு போனது. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் இல்லை.

உம்மை நினைக்காத நாள் இல்லை. மழை பெய்தால் இங்கே எல்லோரும் வெள்ளம் என்கிறார்கள். எனக்குக் கேட்பது, கூரைத் தகரத்துக்குக் கீழே உமது குரல் சத்தமாகப் பெயர் கூப்பிடுவதுதான்.

இன்னுமொரு சிக்கல். புது ஃபிளொப்பியைப் போட்டதிலிருந்து படத்தின் உயரம் அறுபது கிலோ வரை போகிறது. முன்பு பதினைந்தில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் அடியில் நசுங்கி ஒரே கோடாகத் தெரிகிறார்கள். இப்படிக் காட்டினால் யாருக்கும் எடை கூடியதாகத் தெரியாது. எங்கேயோ ஓர் எண் தவறியிருக்கிறது. 5.8 என்பதற்கு 58 என்று விழுந்ததோ தெரியாது. உமக்கு ஏதும் ஞாபகம் இருக்கிறதா?

ஜெயதீபன்


டயகம,
09.08.2008

ஜெயதீபன்,

இடைவெளியை அப்படியே விடுங்கள். இணைக்க வேண்டாம். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் இங்கே இல்லை என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

அறுபது பற்றி எனக்கு எதுவும் சொல்வதற்கில்லை. நான் புள்ளியை விட்டுவிடும் ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தேடிப் பாருங்கள்.

இங்கே மழை விடவில்லை. வியாழக்கிழமை நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். தராசு இன்னும் அந்த மரக்கட்டையில்தான் தொங்குகிறது. நீங்கள் அடித்த ஆணி துருப்பிடித்திருக்கிறது, ஆனால் ஆடவில்லை. சும்மா சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்துக்கொண்டிருக்கையில் அப்பா கேட்டார். “என்ன எழுதியிருக்காரு அந்தத் தம்பி?” என்று. கம்பியூட்டர் சமாச்சாரம் என்றேன். “கம்பியூட்டர் சமாச்சாரத்துக்கா நீ கண்ணத் தொடச்சுக்கிட்டு இருக்க?” என்றார். விறகு ஈரம், புகை என்றேன்.

தெரேசா


வெள்ளவத்தை,
21.08.2008

தெரேசா,

கண்டுபிடித்துவிட்டேன்.

முதலில் பிள்ளைகளின் எடையை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வரியிலும் ஒரு பிழை இல்லை. பிறகுதான் வரிகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று இருந்தது.

நாற்பத்து மூன்றாவது வரிக்குப் பெயர் இல்லை. 2007 பெப்ரவரிக்கு நேரே “58”. அதற்குப் பிறகு பதினேழு கட்டம் வெறுமை.

படத்தில் அது கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரேயொரு புள்ளி இருந்தால் தொகுப்பு எதையும் வரையாது. கோடு வேண்டுமென்றால் அடுத்தடுத்த இரண்டு மாதமாவது எடை இருக்க வேண்டும். ஆனால் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. இருந்துகொண்டு முழுப் படத்தையும் தன் உயரத்துக்கு இழுத்து வைத்திருக்கிறது.

எனக்கு அந்த நாள் முழுக்க ஞாபகம் வந்தது. பெப்ரவரி முதலாம் திகதி, வியாழக்கிழமை. நானும் காம்பராவில் கஞ்சி குடிக்கிறவன்தானே, என்னையும் நிறும் என்று பகிடி விட்டேன். நீர் சிரிக்காமல் என்னை மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர். கொழுந்துத் தராசின் கொளுவியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். முள் அறுபதில் நின்றது. அழகுமுத்துக் கணக்கப்பிள்ளை ஐம்பத்தெட்டு என்றார். சாக்கே இல்லையே, எதற்குக் கழிக்கிறீர்கள் என்று கேட்டேன். “நனைஞ்சிருக்கீங்கள்ல தம்பி, ஈரத்துக்கு” என்றார். கொழுந்து போட வந்த எல்லோரும் சிரித்தார்கள். நீர் நோட்டில் எழுதியதை நான் கவனிக்கவில்லை. பத்து நாளில் கொழும்புக்கு வந்துவிட்டேன்.

தெரேசா, ஒவ்வொரு முதல் வியாழனும் அந்த வரியையும் நீர் கூப்பிட்டீரா?

பிள்ளைகள் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வரியை மட்டும் படத்தில் சேர்க்காமல் நிரலில் ஒரு வசனம் எழுதியிருக்கிறேன். உயரம் பதினைந்துக்கு வந்துவிட்டது. ஆனால் கோப்பிலிருந்து அழிக்கவில்லை. அழிக்கச் சொன்னாலும் அழிக்கமாட்டேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் மிலான் “மச்சான், கிழமை முழுக்க ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்” என்கிறான்.

பூச்சியம் என்று எழுதியிருக்கலாம் நீர். அதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஜெயதீபன்


டயகம,
01.09.2008

ஜெயதீபன்,

சத்தமாகக் கூப்பிடவில்லை. நாற்பத்திரண்டு பெயரும் முடிந்த பிறகு அந்த வரியில் பென்சிலை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு நோட்டை மூடுவேன். இதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். ஒவ்வொரு மாதமும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் மூடினேன்.

முதல் இரண்டு ஃபிளொப்பியிலும் அந்த வரியைத் தட்டவில்லை. முந்திய மாதத்தையே போடச் சொல்லி எழுதினீர்களே, அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் தட்டினேன். வராததை எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று. தட்டிவிட்டு, கண்டுபிடிக்காமல் போய்விடுவீர்களோ என்றும் பயம். இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது.

பூச்சியம் போட முடியாது. போட்டால் நான் நிறுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன மாதிரி ஆகும். நான் நிறுக்கவில்லை.

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதை நான்கு முறை எழுதி வெட்டினேன். இந்த முறை வெட்டப் போவதில்லை.

ஆனால் ஒன்று. உங்கள் அம்மா கேட்ட கேள்வி அந்த முன்னறையில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் கேட்கவில்லையே. கேட்கப்பட்டவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் டயகமவுக்கு வந்தால், மழைக்கு ஒதுங்கக்கூட இடம் தரமாட்டேன்.

அடுத்த மாதம் நிறுப்பது ஒக்டோபர் இரண்டு. நான் கூப்பிடவில்லை. திகதியைச் சொன்னேன்.

தெரேசா


ஹட்டன்,
28.09.2008

தெரேசா,

பக்கம் முடிந்துவிட்டது, நிறுவனத்தாருக்குக் கொடுத்தாயிற்று. இடைவெளிகள் எல்லாம் இடைவெளியாகவே இருக்கின்றன. கீழே ஒரு வரி எழுதினேன்: “கோடு அறுந்த இடங்களில் பிள்ளை அந்த மாதம் வரவில்லை.”

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். நேற்றுப் பின்னேரம் அம்மா தன் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அதே முன்னறை. “அம்மா, நாலாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா” என்றேன். “என்ன?” என்றார். “போன வருஷம் கேட்டீங்கள். இப்ப சொல்றன். அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் நான் கட்டப்போறன்.”

அம்மா இன்னும் இரண்டு கொப்பி திருத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அண்டைக்கு அந்தப் பிள்ளை தேத்தண்ணியை ஒரு வாயோட வைச்சிட்டுப் போட்டுது. நான்தான் கோப்பையைக் கழுவினனான்” என்றார். அவ்வளவுதான். சம்மதமும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் இவ்வளவு காலமும் அந்தக் கோப்பையை ஞாபகம் வைத்திருந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

முதலாம் திகதி கடைசி பஸ்ஸில் அக்கரப்பத்தனைக்கு வந்து நண்பன் வீட்டில் தங்குகிறேன். வியாழன் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகு காம்பராவுக்கு வருகிறேன். வரிசையில் கடைசியில் நிற்பேன்.

ஜெயதீபன்


டயகம,
06.10.2008

ஜெயதீபன்,

நிறுவனத்திலிருந்து தந்தி மாதிரி இரண்டு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் முழுவதும் பால் உண்டு. அவர்களில் ஒருவர் அந்த இடைவெளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பட்டியலை நம்பினாராம். காளியாயியிடம் சொன்னேன். “எம் புள்ள வராததுனாலயா பால் வந்துச்சு?” என்று கேட்கிறாள்.

நீங்கள் போன பிறகு இரண்டு நாளாக யாரும் என்னை வேலை செய்ய விடவில்லை. பிள்ளைகள் வாசல் கம்பியில் தொங்கிக்கொண்டு “டீச்சர், என்னையும் நிறுங்க” என்று கத்துகிறார்கள். அழகுமுத்துக் கணக்கப்பிள்ளை அப்பாவிடம், “தம்பி ரொம்ப எளச்சுப் போயிருக்காரு, சோறு போடுங்க” என்று சொன்னாராம். அப்பா புகையைப் பற்றிக் கேட்கவில்லை. விறகு காய்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் கோபத்தில் மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வரவில்லை. அந்தத் தேத்தண்ணியில் சீனியும் இல்லை. அடுத்த முறை ஒன்றரைக் கரண்டி.

ஒக்டோபர் பட்டியல் இதனுடன் இருக்கிறது. நாற்பத்து மூன்றாவது வரியில் மொத்தம் 56, ஈரத்துக்கு 2, ஆக 54. கழித்துத்தான் போட்டிருக்கிறேன், தொகுப்பு கோபிக்காது. இந்த முறை பெயரும் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் படத்தில் சேர்க்க வேண்டாம். அந்த வரிக்கு மட்டும் தனியாக ஒரு படம் போட்டு, அச்செடுத்து எனக்கு அனுப்புங்கள்.

ஆனால் போட்டாலும் வெள்ளையாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். ஐம்பத்தெட்டு ஒரு மூலையில், ஐம்பத்து நான்கு மறு மூலையில், நடுவில் பத்தொன்பது மாதம். அதற்கு மேலால் கோட்டை இழுக்க வேண்டாம். அதை இணைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கோடு வேண்டுமென்றால் அடுத்தடுத்த இரண்டு மாதம் எடை இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

ஒரு மாதத்து எடை ஆயிற்று. அடுத்த முதல் வியாழன் நவம்பர் ஆறு. இந்த முறை திகதியை மட்டும் சொல்லவில்லை, கூப்பிடுகிறேன்.

தெரேசா